எழுத்தாளருக்கு எதற்கு வலைப்பூ? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெய்ப்பு பார்ப்பது, மின்னூல் தயாரிப்பது என்று புத்தக வேலையிலேயே பொழுது போவதால், புத்தகம் போட்டவர்களும் போடப்போகிறவர்களும் வலைப்பூ (பிளாக்) பற்றி என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டச்சு செய்வதைவிட ஒரே இடத்தில் போட்டுவிடலாம் என்று தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

1. ஃபேஸ்புக்ல எழுதினாலே போதாதா? இப்ப யாரு சார் வலைப்பூவெல்லாம் படிக்கிறாங்க?

முன்பு போல் தினமும் வந்து எட்டிப் பார்க்கும் வாசகர்கள் குறைந்துவிட்டார்கள், உண்மைதான். பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய திரட்டிகள் மங்கின. பிடித்த வலைப்பூக்களைத் தொடர்ந்து படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013-இல் மூடப்பட்டது. அதோடு வலைப்பூக்களைப் பின்தொடரும் வழக்கமும் பலருக்கு விட்டுப்போனது. இப்போது வலைப்பூவுக்கு ஆள் வருவது இரண்டு வழிகளில்: தேடுபொறியில் எதையோ தேடி வருகிறார்கள், அல்லது யாரோ அனுப்பிய சுட்டியைத் தொட்டு வருகிறார்கள்.

ஃபேஸ்புக் பதிவு இரண்டு நாளில் அடியில் போய்விடும். போன வருடம் நீங்கள் எழுதிய நல்ல பதிவை நீங்களே தேடிப் பாருங்கள், கஷ்டம் புரியும். வலைப்பூவில் எழுதியது மூன்று வருடம் கழித்தும் தேடலில் அகப்படும். புத்தகமும் வெளியான வாரத்தோடு முடிந்துவிடும் பொருள் அல்லவே! அதனால் எழுத்து வலைப்பூவில் இருக்கட்டும், அது வந்திருக்கிறது என்ற செய்தியை ஃபேஸ்புக்கிலும் வாட்ஸப்பிலும் சொல்லுங்கள்.

2. எதில் ஆரம்பிப்பது? பிளாகரா, வேர்ட்பிரஸ்ஸா?

இரண்டுமே வலைப்பூ நடத்த உதவும் சேவைகள்தான், எதுவானாலும் சரி. பிளாகர் 1999-இல் தொடங்கி 2003-இல் கூகுள் கைக்குப் போனது. காசு செலவில்லை, பராமரிப்பும் இல்லை. வேர்ட்பிரஸ்ஸில் இரண்டு வகை உண்டு. ஒன்று அவர்கள் தளத்திலேயே கணக்குத் தொடங்குவது. இன்னொன்று அந்த மென்பொருளை நீங்கள் வாடகைக்கு எடுத்த இடத்தில் நிறுவிக்கொள்வது. இரண்டாவதில் சுதந்திரம் அதிகம், தலைவலியும் அதிகம். கணினியோடு மல்லுக்கட்டப் பிடிக்காதவர்கள் பிளாகரிலேயே நிம்மதியாக இருக்கலாம்.

காசு போடுவதாக இருந்தால் முதலில் சொந்த இணைய முகவரிக்கு (டொமைன்) போடுங்கள். புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு முகவரி அச்சாகிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. சொந்தப் பெயரில் முகவரி இருந்தால் நாளைக்கு பிளாகரிலிருந்து வேறு இடத்துக்குப் போனாலும் அதே முகவரி தொடரும். அந்த முகவரி உங்கள் பெயரில் இருக்கட்டும், நாவலின் பெயரில் வேண்டாம். அடுத்த நாவல் வரும்போது சங்கடமாகிவிடும்.

3. என்னத்தை எழுதறது? தினமும் 'என் புத்தகத்தை வாங்குங்க'ன்னா எழுத முடியும்?

எழுதக்கூடாது. அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் புத்தகத்தை ஒருவர் தேட வேண்டுமானால் அவருக்கு ஏற்கெனவே அதன் பெயர் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்கள் எதைத் தேடுவார்கள்? புத்தகத்துக்குள் இருக்கும் விஷயத்தைத் தேடுவார்கள். அவர்களுக்காக எழுதுங்கள்.

கலங்கரை விளக்கக் காவலர் ஒருவரைப் பற்றி நாவல் எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எழுதுவதற்காக நிறையப் படித்திருப்பீர்கள். ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஒளி விட்டுவிட்டு வரும் கணக்கு வேறு, அதை வைத்துத்தான் மாலுமி தான் எந்தக் கரையோரம் இருக்கிறோம் என்று அறிகிறார். விளக்கின் ஒளியைக் குவித்து வெகுதூரம் அனுப்பும் ஃபிரெனெல் கண்ணாடி வில்லை 1823-இல் பிரான்சின் கோர்டுவான் கலங்கரை விளக்கத்தில்தான் முதலில் பொருத்தப்பட்டது. பிற்காலத்தில் வந்த பெரிய வில்லைகளைப் பாதரசத் தொட்டியில் மிதக்கவிட்டார்கள். அவ்வளவு கனமான பொருள் லேசாகத் தள்ளினாலே சுற்றும். அந்தப் பாதரசத்தைச் சுத்தம் செய்ததும் காவலர்கள்தான், அதன் ஆவியைச் சுவாசித்ததும் அவர்கள்தான். இதில் பாதிகூட நாவலுக்குள் போயிருக்காது. மீதியில் நாலு நல்ல பதிவுகள் இருக்கின்றன.

பாதரசம் பற்றிய பதிவின் கடைசியில் இரண்டே வரி போதும்: 'இந்தக் காவலர்களைப் பற்றிப் படிக்கப்போய்த்தான் என் நாவல் பிறந்தது. முதல் அத்தியாயத்தை இங்கே படிக்கலாம்.' அவ்வளவுதான் விளம்பரம். பதிவைப் படித்தவர் புத்தகம் வாங்காமல் போனாலும் அவருக்கு ஏதோ கிடைத்திருக்க வேண்டும். அப்படி எழுதினால்தான் நாலு பேருக்கு அனுப்புவார்.

4. நான் எழுதறது கவிதை. அதுக்கு ஆராய்ச்சியெல்லாம் கிடையாதே?

கவிதைக்குத் திருத்தம் உண்டல்லவா? ஒரு கவிதையின் முதல் வடிவத்தையும் அச்சில் வந்த வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, ஏன் அந்த ஒரு வரியை வெட்டினீர்கள் என்று எழுதுங்கள். கவிதை வாசகர்கள் இதை விரும்பிப் படிப்பார்கள். எழுதப் பழகுகிறவர்கள் தேடி வருவார்கள்.

இன்னொரு வழி, நீங்கள் வாசித்த மற்றவர்களின் புத்தகங்களைப் பற்றி எழுதுவது. ஒருவருடைய ரசனை பிடித்துப்போனால், அவர் எழுதியதையும் பார்க்கலாமே என்று தோன்றும். அதற்காக வாரம் ஒரு புத்தகத்தை ஆகா ஓகோ என்று புகழ்ந்து தள்ளினால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

5. வாரத்துக்கு எத்தனை பதிவு போடணும்? எவ்வளவு நீளம்?

மாதம் இரண்டு போதும், விடாமல் வந்தால். நீளம் விஷயத்தைப் பொறுத்தது. ஆரம்ப உற்சாகத்தில் தினம் ஒன்று போட்டுவிட்டு இரண்டு மாதத்தில் காணாமல் போகிற வலைப்பூக்கள்தான் அதிகம். கடைசிப் பதிவின் தேதி பழையதாக இருந்தால் வருகிறவர் ஆள் ஊரிலேயே இல்லை என்று நினைத்துக்கொள்வார். தொடர்ந்து எழுத முடியாது என்று தெரிந்தால் பதிவில் தேதி தெரியாதபடி அமைத்துவிடலாம். பிளாகரிலும் வேர்ட்பிரஸ்ஸிலும் அதற்கு வசதி உண்டு.

6. என் தலைப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா தேடினா வரவே மாட்டேங்குதே?

'ஒளியின் மௌனம்' என்று தலைப்பு வைத்தால் அதை யார் தேடுவார்? 'கலங்கரை விளக்கத்தின் ஒளி ஏன் விட்டுவிட்டு வருகிறது?' என்று வைத்தால் அதே கேள்வி உள்ளவர் வந்து சேர்வார். கவித்துவமான தலைப்பைப் புத்தகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், பதிவுக்கு விஷயத்தைச் சொல்லும் தலைப்பு போதும். முதல் இரண்டு வரிகளும் முக்கியம். தேடல் முடிவிலும் வாட்ஸப்பிலும் தலைப்புக்குக் கீழே பெரும்பாலும் அவைதான் தெரியும். 'வணக்கம் நண்பர்களே, நீண்ட நாட்களுக்குப் பிறகு...' என்று தொடங்கினால் அந்த இடம் வீண்.

இன்னொரு சின்ன விஷயம். தமிழில் தலைப்பு வைத்தால் பிளாகர் அந்தப் பக்கத்துக்கு 'பிளாக்-போஸ்ட்' என்றும் ஒரு எண்ணும் போட்டு மொட்டையாக ஒரு முகவரி கொடுக்கும். வேர்ட்பிரஸ்ஸிலோ தமிழ் முகவரியை நகலெடுத்து ஒட்டினால் சதவீதக் குறிகளும் எண்களுமாக மூன்று வரிக்கு நீளும். பார்க்கிறவர் ஏதோ வைரஸ் என்று பயந்து தொடமாட்டார். வெளியிடும் முன்பே முகவரியை நீங்களாகச் சுருக்கமாக ரோமன் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த சுட்டிகள் செத்துவிடும் ஆபத்து உண்டு.

7. பழைய கதைகளை அப்படியே ஒட்டினா கிறுக்கலா வருது. படமா எடுத்துப் போட்டுடலாமா?

படமாக வேண்டாம். அந்தக் கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டிருக்கும், அதனால்தான் கிறுக்கலாக வருகிறது. எல்லாக் கருவிகளிலும் சரியாகத் தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியதும் கண்ணை மூடிக்கொண்டு வெளியிடாதீர்கள், ஒரு முறை முழுக்கப் படியுங்கள். 'கொ', 'கௌ' போன்ற எழுத்துகள் உடைந்திருக்கலாம், மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாக மாறியிருக்கலாம்.

படமாகப் போட்டால் தேடுபொறிக்கு அது எழுத்தாகத் தெரியாது, போனில் படிப்பவருக்கும் பெரிதாக்கிச் சிறிதாக்கிக் கண் வலிக்கும். பார்வையற்ற வாசகர்களுக்குத் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடும்.

8. எல்லாத்தையும் இலவசமா போட்டுட்டா அப்புறம் யாரு காசு கொடுத்து வாங்குவாங்க?

இந்தப் பயம் நியாயமானது, ஆனால் அளவுக்கு மீறியது. அமெரிக்க எழுத்தாளர் ஆண்டி வெயர் 'தி மார்ஷியன்' என்ற அறிவியல் நாவலைத் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகத்தான் வெளியிட்டார். அறிவியல் தெரிந்த வாசகர்கள் பிழைகளைச் சொல்ல, திருத்திக்கொண்டே போனார். அமேசானின் மின்னூல் சேவையான கிண்டிலில் கொடுங்கள் என்று வாசகர்களே கேட்டதால் 2011-இல் மின்னூலாக்கினார். 2014-இல் பெரிய பதிப்பகத்தில் வந்தது, அடுத்த ஆண்டே படமானது. இன்னொரு அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்கால்சி 2002-இல் தன் தளத்தில் தொடராக வெளியிட்ட 'ஓல்ட் மேன்ஸ் வார்' நாவலை ஒரு பதிப்பாசிரியர் அங்கேயே படித்துவிட்டு வாங்கினார். தமிழில் ஜெயமோகனின் 'வெண்முரசு' 2014 முதல் 2020 வரை இணையத்தில் தினம் ஒரு அத்தியாயமாக வந்தது, புத்தகமாகவும் வந்தது.

இவர்களைக் காட்டி 'நீங்களும் போடுங்கள், படமாகிவிடும்' என்று சொல்ல வரவில்லை. தொடர் போட்டு யாரும் சீந்தாமல் போனவர்களின் பட்டியல் ரொம்ப நீளம். இலவசமாகக் கிடைப்பதாலேயே விற்பனை நின்றுவிடாது என்பதற்கு மட்டும் இவை சாட்சி. முழுவதும் கொடுக்க மனம் வரவில்லையா? முதல் அத்தியாயத்தை முழுசாகக் கொடுங்கள். நடுவிலிருந்து அங்கொரு பத்தி இங்கொரு பத்தி கொடுத்தால் வாசகருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. சிறுகதைத் தொகுப்பு என்றால் ஒரு கதையை, அதுவும் இருப்பதிலேயே நல்ல கதையை, கொடுங்கள். நல்லதை ஒளித்துவைத்துவிட்டுச் சுமாரான கதையைக் காட்டி வாங்கச் சொல்வது என்ன கணக்கோ, எனக்குப் புரிவதில்லை.

9. கிண்டில்ல போட்டிருக்கேன், அதே கதை வலைப்பூவிலயும் இருக்கு. பிரச்சினை வருமா?

நீங்கள் கேடிபி செலக்டில் (கிண்டிலில் நாமே மின்னூல் வெளியிடும் கேடிபி சேவையின் விருப்பத் திட்டம்) சேர்ந்திருந்தால் வரும். அது 90 நாள் ஒப்பந்தம். நீங்கள் நிறுத்தாவிட்டால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அந்தக் காலம் முழுக்க மின்வடிவில் அந்தப் புத்தகம் அமேசானைத் தவிர வேறெங்கும் இருக்கக்கூடாது, உங்கள் சொந்த வலைப்பூ உட்பட. சுமார் 10 சதவீதம்வரை மாதிரிக்குக் கொடுக்கலாம். சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் வாசகர்களுக்காக எல்லோரும் இதில் சேர்கிறார்கள், விதிகளை மட்டும் படிப்பதில்லை. எனவே சேரும் முன்பே வலைப்பூவில் இருக்கும் கதைகளை எடுத்துவிடுங்கள். அச்சு நூலுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

செலக்டில் சேராமல் வெறுமனே கிண்டிலில் போட்டிருந்தால் இந்த நிபந்தனை கிடையாது. ஆனாலும் இணையத்தில் இலவசமாக இருக்கும் எழுத்தைக் கண்டால், இதன் உரிமை உங்களுடையதுதானா என்று அமேசான் கேட்கலாம். வலைப்பூவில் உங்கள் பெயர் தெளிவாக இருந்தால் பதில் சொல்வது சுலபம். புனைபெயரில் எழுதுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

10. நாவல் பதிப்பாளர்கிட்ட இருக்கு. இப்ப அத்தியாயம் போடலாமா? போட்டிக்கு அனுப்பற கதையை?

ஒப்பந்தத்தைப் பாருங்கள், மின் உரிமையும் தொடர் உரிமையும் யாருக்கு என்று எழுதியிருக்கும். எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் பதிப்பாளரிடம் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுங்கள். புத்தகம் விற்றால் அவருக்கும் நல்லதுதானே, முதல் அத்தியாயத்துக்குப் பெரும்பாலும் மறுப்புச் சொல்லமாட்டார்.

போட்டியும் பத்திரிகையும் வேறு. வலைப்பூவில் வந்த கதையை 'ஏற்கெனவே பிரசுரமானது' என்று நிராகரிக்கிற இடங்கள் நிறைய. பத்துப் பேர்தான் படித்தார்கள் என்ற வாதம் எடுபடாது. பதிவை அழித்துவிட்டு அனுப்புவதும் உதவாது, இணையத்தில் எங்காவது ஒரு நகல் கிடக்கும். அனுப்ப நினைக்கும் கதையை வலைப்பூவில் போடவே வேண்டாம்.

11. யாராவது திருடித் தன் பேர்ல போட்டுட்டா?

போடுவார்கள். எழுதிய கணமே பதிப்புரிமை உங்களுடையது. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான 1886-இன் பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் அதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை. வெளியான தேதியோடு வலைப்பூவில் இருப்பது 'நான்தான் முதலில் எழுதினேன்' என்று காட்டவும் உதவும். ஐந்தாவது கேள்வியில் தேதியை மறைக்கலாம் என்றேன். மறைத்தாலும் உங்கள் கணக்கின் உள்ளே தேதி பத்திரமாக இருக்கும். திருட்டைக் கண்டால் அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தத் தளத்தை நடத்தும் நிறுவனத்துக்கும் கூகுளுக்கும் நீக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம்.

வலது சொடுக்கை முடக்கி வைப்பது மட்டும் வேண்டாம். திருடுகிறவருக்கு அதை மீற இரண்டு நிமிடம் போதும். உங்கள் வரியை மேற்கோள் காட்ட நினைத்த நல்ல வாசகர்தான் எரிச்சலில் போய்விடுவார்.

12. புத்தகம் வந்த பிறகு ஆரம்பிச்சா போதும்தானே?

வெளியீட்டு நாளில் தொடங்கினால் அறிவிப்பைப் படிக்க ஆள் இருக்காது. குறைந்தது ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். கையெழுத்துப் பிரதி முடிந்து மெய்ப்புக்குப் போகும் நேரம் தோதானது. விஷயங்கள் மனதில் சூடாக இருக்கும், கையும் கொஞ்சம் சும்மா இருக்கும்.

புத்தகத்துக்கென்று மாறாத தனிப்பக்கம் ஒன்று கட்டாயம் வேண்டும். அட்டைப்படம், பின்னட்டை வாசகம், பக்க எண்ணிக்கை, ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் அடையாள எண்), முதல் அத்தியாயத்துக்குச் சுட்டி, வாங்கும் இடங்கள், எல்லாம் அதில் இருக்கட்டும். எல்லாப் பதிவுகளிலிருந்தும் அந்தப் பக்கத்துக்கே சுட்டி கொடுங்கள், கடைக்கு நேராக வேண்டாம். நாளைக்குக் கடையோ பதிப்பகமோ மாறினால் ஒரு பக்கத்தைத் திருத்தினால் போதும். ஐம்பது பதிவுகளைத் தேடித் திருத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

13. மின்னஞ்சல் பட்டியல் வேணும்னு சொல்றாங்களே, அது எதுக்கு?

வலைப்பூவைப் படித்துவிட்டுப் போகிறவரை மறுபடி கூப்பிட வேறு வழியில்லை என்பதால். 'அடுத்த பதிவு மின்னஞ்சலில் வர வேண்டுமா?' என்று ஒரு பெட்டி வையுங்கள். ஃபேஸ்புக்கில் உங்கள் பதிவை யாருக்குக் காட்டுவது என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள். மின்னஞ்சலில் நடுவில் அப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பதில்லை. நூறு பேர் கொண்ட பட்டியலைக்கூட நான் பெரிதாக மதிப்பேன்.

உங்கள் போனில் உள்ள முகவரிகளையெல்லாம் நீங்களாக அதில் சேர்க்காதீர்கள். கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். விலகும் சுட்டி ஒவ்வொரு மடலிலும் இருக்கட்டும்.

14. ஆயிரம் பார்வைன்னு காட்டுது, ஒரு பிரதிகூட போகலையே?

அந்த ஆயிரத்தில் தேடுபொறிகளின் தானியங்கிகள் இருக்கலாம், நீங்களே பத்து முறை திறந்து பார்த்ததும் இருக்கலாம். உங்கள் வருகையைக் கணக்கில் சேர்க்காமலிருக்கும்படி முதலில் அமைத்துவிடுங்கள். பிறகு கூகுள் சர்ச் கன்சோலைப் பாருங்கள், இலவசம்தான். எந்தச் சொல்லைத் தேடியவர்கள் எந்தப் பதிவுக்கு வந்தார்கள் என்று காட்டும். நீங்கள் அசட்டையாக எழுதிய ஏதோ ஒரு பதிவுக்குத்தான் கூட்டம் வந்துகொண்டிருக்கும். அந்தப் பதிவின் கடைசியில் புத்தகப் பக்கத்துக்குச் சுட்டி இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது.

எல்லாம் சரியாக இருந்தும் விற்கவில்லை என்றால், பதிவைத் தேடி வருகிறவர்களும் புத்தகத்தைப் படிக்கக்கூடியவர்களும் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம். பரபரப்பான செய்தியைப் பற்றி எழுதினால் கூட்டம் வரும், அந்தக் கூட்டம் உங்கள் நாவலுக்கு வராது. மூன்றாவது கேள்வியின் பதிலை இன்னொரு தரம் படித்துவிட்டு, உங்கள் பதிவுகள் அந்தப் புத்தகத்தின் பக்கம் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

15. நாங்க நாலு எழுத்தாளர்கள் சேர்ந்து ஒருத்தர் புத்தகத்துக்கு இன்னொருத்தர் விமர்சனம் எழுதிக்கலாமா?

அமேசானில் வேண்டாம். பரிமாற்றமாக எழுதும் மதிப்புரைகளுக்கும், குடும்பத்தினர், நெருங்கிய நண்பர்கள் எழுதும் மதிப்புரைகளுக்கும் அங்கே தடை உண்டு. கண்டுபிடித்தால் நீக்கிவிடுவார்கள். வலைப்பூவில் விதி ஏதும் இல்லை, ஆனால் நீ என் முதுகைச் சொறி, நான் உன் முதுகைச் சொறிகிறேன் என்ற விளையாட்டு மூன்றாவது பதிவிலேயே வாசகருக்குத் தெரிந்துவிடும்.

பதிலாக ஒருவர் வலைப்பூவில் இன்னொருவர் விருந்தினராக எழுதலாம். எட்டாவது கேள்வியில் சொன்ன ஸ்கால்சி தன் தளத்தில் 'தி பிக் ஐடியா' என்றொரு பகுதியையே வைத்திருக்கிறார். புதுப் புத்தகம் போட்ட மற்ற எழுத்தாளர்கள் அதன் மையக் கரு எப்படி வந்தது என்று அங்கே எழுதுவார்கள். யாரும் யாரையும் புகழ வேண்டியதில்லை, வாசகருக்கும் படிக்க விஷயம் கிடைக்கிறது.

16. பின்னூட்டத்தில் ஒருத்தர் நாவலைக் கிழிச்சுத் தொங்கவிட்டிருக்கார். அழிச்சிடவா?

வசை என்றால் அழியுங்கள். விமர்சனம் என்றால் விட்டுவைத்து, 'வாசித்ததற்கு நன்றி' என்று ஒரு வரி எழுதிவிட்டு நகருங்கள். தகவல் பிழையைச் சுட்டியிருந்தால் அடுத்த பதிப்பில் திருத்துவதாகச் சொல்லி, உண்மையிலேயே திருத்துங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு மட்டும் பதில் எழுத உட்காராதீர்கள்.

17. இதுக்கே நேரமெல்லாம் போயிடுது. அடுத்த புத்தகம் எப்ப எழுதறது?

அடுத்த புத்தகத்தின் நேரத்தைத் தின்கிறது என்றால் வலைப்பூவைக் குறையுங்கள். எழுதும் மாதங்களில் நிறுத்திவிட்டு, 'நாவல் வேலையில் இருக்கிறேன், முடித்துவிட்டு வருகிறேன்' என்று ஒரு வரி போட்டால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். பழைய பதிவுகள் தேடலில் ஆளைக் கூட்டி வந்துகொண்டுதான் இருக்கும்.

பதிவுகளையே தொகுத்துப் புத்தகமாக்கிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். ஆக்கலாம், ஆனால் அப்படியே அச்சுக்குக் கொடுத்தால் பல்லிளிக்கும். 'போன பதிவில் சொன்னேன்', 'இந்தச் சுட்டியில் பாருங்கள்' என்பதெல்லாம் அச்சில் அர்த்தமிழந்து கிடக்கும். ஒரே விஷயம் நாலு கட்டுரையில் திரும்பத் திரும்ப வரும். பாதியை வெட்டி, மீதியைத் திருப்பி எழுத வேண்டியிருக்கும். அந்தத் தொகுப்பைக் கேடிபி செலக்டில் போடுவதாக இருந்தால் ஒன்பதாவது கேள்விக்குத் திரும்பிப் போங்கள்.